இரண்டு கொடுத்து ஒன்று வாங்கியவர்கள்

ஆரக்கிள் நிறுவன வேலையைச் சில மாதங்களிலேயே உதறிவிட்டு வந்த டோனி ஷே, சஞ்சய் மதன் என்ற இரண்டு இளைஞர்கள் 1996-இல் அமெரிக்காவில் ஒரு சிறு தொழில் தொடங்கினார்கள். அதன் பெயரே லிங்க்எக்ஸ்சேஞ்ச். தளம் வைத்திருப்பவர்கள் ஒருவர் பக்கத்தில் இன்னொருவர் பேனரைப் போட்டுக்கொள்ள இடைத்தரகு செய்வதுதான் வேலை. காசு வேண்டாம், இடம் கொடுத்தால் போதும். ஆனால் ஒன்றுக்கு ஒன்று என்பதல்ல கணக்கு. உங்கள் பக்கத்தில் மற்றவர்களின் பேனர் இரண்டு முறை தெரிந்தால், உங்கள் பேனர் வேறெங்கோ ஒரு முறை தெரியும். மிச்சமிருக்கும் அந்த ஒரு முறை நிறுவனத்தின் கையிருப்பில் சேரும். விளம்பரம் தருவோருக்கு அதைக் காசுக்கு விற்றார்கள். 1998 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் அந்த நிறுவனத்தை 26.5 கோடி டாலருக்கு வாங்கியது.

இணைப்புப் பரிமாற்றத்தால் லாபம் உண்டா என்ற கேள்விக்குக் கிடைத்த முதல் தெளிவான பதில் அது: தரகருக்கு உண்டு. தளம் வைத்திருப்பவருக்கு உண்டா என்பதுதான் இன்றுவரை இழுபறியாக இருக்கிறது.

ஒரு தளத்துக்கு இணைப்பு வழியாக ஆள் வருவதற்கு இரண்டு வாய்க்கால்கள் உண்டு. ஒன்று நேர் வாய்க்கால். இன்னொருவர் பக்கத்தில் உங்கள் இணைப்பைப் பார்த்தவர் கிளிக் செய்கிறார், வந்து சேர்கிறார். மற்றது சுற்று வாய்க்கால். அந்த இணைப்பைத் தேடுபொறி பார்க்கிறது, மதிப்புப் போடுகிறது, தேடல் முடிவுகளில் உங்களைக் கொஞ்சம் மேலே ஏற்றுகிறது, அங்கிருந்து ஆள் வருகிறார். முதல் வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்று யார் வேண்டுமானாலும் அளந்துவிடலாம். இரண்டாவதை அளக்க முடியாது, ஊகிக்கத்தான் முடியும். பரிமாற்றம் நல்லதா கெட்டதா என்று ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாக நடக்கும் வாதத்தில் பாதிக்கு மேல், இந்த இரண்டு வரத்தையும் ஒரே வரத்தாகப் பேசியதால் வந்த குழப்பம் என்பது என் எண்ணம்.

தொடக்கத்தில் இருந்தது நேர் வாய்க்கால் மட்டுமே. 1995-இல் ஆரிகான் மாநிலத்தில் பள்ளி மாணவராக இருந்த சேஜ் வைல் உருவாக்கிய வெப்ரிங் அதற்கு நல்ல உதாரணம். ஒரே விருப்பம் உள்ள தளங்கள், உதாரணமாக ரயில் பொம்மை சேர்ப்பவர்களின் பக்கங்கள், ஒரு வளையமாகக் கோக்கப்படும். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘முந்தையது’, ‘அடுத்தது’ என்று இரண்டு பொத்தான்கள். அடுத்தது, அடுத்தது என்று அழுத்திக்கொண்டே போனால் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிடலாம். தேடுபொறிகள் திணறிக்கொண்டிருந்த காலத்தில் இது உண்மையாகவே ஆளைக் கொண்டுவந்து சேர்த்தது. காரணம் எளிமையானது: வளையத்துக்குள் இருந்த அத்தனை பேரும் ஒரே சரக்கைத் தேடி வந்தவர்கள். 

நிலைமையை மாற்றியது 1998. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் லாரி பேஜும் செர்ஜி பிரின்னும் வகுத்த பேஜ்ரேங்க், ஒரு பக்கத்தின் மதிப்பை அதற்கு வரும் இணைப்புகளைக் கொண்டு கணக்கிட்டது. யோசனையின் வேர் நூலகத்தில் இருக்கிறது. ஓர் ஆய்வுக் கட்டுரையை எத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று எண்ணும் அறிவியல் மேற்கோள் அட்டவணையை யூஜின் கார்ஃபீல்டு 1964-லேயே கொண்டுவந்துவிட்டார். பேஜும் பிரின்னும் அதில் ஒரு முக்கியமான திருத்தம் செய்தார்கள். எத்தனை பேர் காட்டுகிறார்கள் என்பதோடு, காட்டுகிறவர் யார், அவர் இன்னும் எத்தனை பேரைக் காட்டுகிறார் என்பதும் கணக்கில் வரும்.

அதாவது, அதுவரை வாசலாக இருந்த இணைப்பு ஒரே நாளில் வாக்காகிவிட்டது. வாசலில் ஆள் நுழைந்தால்தான் பயன். வாக்குக்கு ஆளே வேண்டாம், பதிவானால் போதும். நம் ஊர் வழக்கில் சொன்னால், கல்யாணத்துக்கு வந்த கூட்டத்தைப் பார்த்து ஒருவருடைய செல்வாக்கைக் கணிப்பது மாதிரி. கணிப்பு பெரும்பாலும் சரியாகவே இருக்கும், கூட்டத்தில் பாதிப் பேர் பழைய மொய்க்கணக்கைத் தீர்க்க வந்தவர்களாக இல்லாதவரை. மொய் நோட்டும் ஒரு உறவுதான், பொய் இல்லை. ஆனால் அது செல்வாக்கின் அளவு இல்லை.

இந்த ஓட்டை முதலிலேயே தெரிந்திருந்தது என்பதுதான் சுவாரசியம். பேஜ்ரேங்கை விளக்கும் ஸ்டான்ஃபோர்டு அறிக்கையிலேயே, ஒன்றையொன்று மட்டும் சுட்டிக்கொண்டு வேறெதையும் சுட்டாத இரண்டு பக்கங்களைப் பற்றிய எச்சரிக்கை இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே வரும் மதிப்பு அங்கேயே சுற்றிச் சுற்றித் தேங்கிவிடும், வெளியே வராது. அதைச் சமாளிக்கத்தான் 0.85 என்ற தணிப்பு எண் சேர்க்கப்பட்டது. இணைப்புகளை அழுத்தியபடி உலவும் ஒருவர் ஒவ்வொரு கட்டத்திலும் 15 சதவீத வாய்ப்பில் அலுத்துப்போய் எங்கோ ஒரு புதிய பக்கத்துக்குத் தாவிவிடுவார் என்று வைத்துக்கொண்டார்கள்.

இந்தச் சூத்திரத்தை வைத்துக்கொண்டு கையாலேயே ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பரிமாற்றத்தைப் பற்றிய பல நூறு ஆலோசனைகளைவிட அது அதிகம் சொல்லும். யாரும் சுட்டாத ஒரு தனிப் பக்கத்தின் மதிப்பு 0.15; சுட்டும் பக்கம் ஒவ்வொன்றும் தன் மதிப்பில் 0.85 பங்கைத் தன் இணைப்புகளுக்குச் சமமாகப் பிரித்துத் தரும். இப்படிப்பட்ட இரண்டு அநாதைப் பக்கங்கள் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றின் மதிப்பும் 1 ஆகிவிடும். வெளியாள் ஒருவர்கூட மெச்சாமலே ஆறு மடங்குக்கு மேல் உயர்வு. பரிமாற்றம் ‘வேலை செய்கிறது’ என்று 2000-களின் தொடக்கத்தில் பலர் சத்தியம் செய்தார்களே, அவர்கள் பொய் சொல்லவில்லை.

ஆனால் கணக்கை இங்கேயே நிறுத்தக்கூடாது. இரண்டு பக்கங்களுக்குப் பதில் நூறு பக்கங்கள் சேர்ந்து, ஒவ்வொன்றும் மற்ற எல்லாவற்றுக்கும் இணைப்புக் கொடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொன்றின் மதிப்பும் அப்போதும் அதே 1-தான். ஆயிரம் பேர் சேர்ந்தாலும் 1-தான். கொடுக்கும் இணைப்புகள் கூடக்கூட ஒவ்வொன்றின் பங்கும் குறைந்துகொண்டே போவதால், கூட்டம் பெருகியும் ஆளுக்குக் கிடைப்பது மாறுவதில்லை. முதல் நண்பரோடு செய்த பரிமாற்றத்திலேயே கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது. மீதி தொண்ணூற்றெட்டுப் பேருக்கு மின்னஞ்சல் எழுதிய உழைப்பு வீண்.

இன்னொரு கணக்கு. மதிப்பு 10 உள்ள ஒரு நல்ல பக்கம் மொத்தம் இருபது இணைப்புகள் கொடுக்கிறது, அதில் ஒன்று உங்களுக்கு. அது தருவது 0.425. மதிப்பு 1 உள்ள ஒரு ‘நண்பர்கள்’ பக்கம் நூறு இணைப்புகளை அடுக்கி வைத்திருக்கிறது, அதில் ஒன்று உங்களுக்கு. அது தருவது 0.0085. அந்த ஒரு நல்ல இணைப்புக்கு ஈடுகட்ட இப்படிப்பட்ட ஐம்பது பரிமாற்றங்கள் வேண்டும். ஐம்பதையும் வாங்க ஐம்பது திருப்பிக் கொடுக்க வேண்டும். உங்கள் முகப்பிலிருந்து உள்பக்கங்களுக்குப் பத்து இணைப்புகள் இருந்தன என்றால், அந்த ஐம்பதில் நாற்பதை அங்கே சேர்த்ததுமே உள்பக்கம் ஒவ்வொன்றுக்கும் போகும் பங்கு ஐந்தில் ஒன்றாகிவிடும். இது எளிமைப்படுத்திய கணக்கு; இன்றைய கூகுள் இதைவிடப் பல மடங்கு சிக்கலானது. இருந்தாலும் எவரும் தண்டிக்காமலே, வெறும் கணிதத்தாலேயே மொத்தப் பரிமாற்றம் வலுவிழந்துபோகும் என்பதை இது காட்டிவிடுகிறது.

இதையெல்லாம் யார் கணக்குப் போட்டார்கள்? எண்ணே கண்முன் வந்து நின்றது. 2000 டிசம்பரில் கூகுள் தன் டூல்பாரை வெளியிட்டது. பார்க்கும் பக்கத்தின் மதிப்பை 0 முதல் 10 வரை ஒரு பச்சைக் கோட்டில் அது காட்டியது. தேடுபொறி செய்த பெரிய தவறுகளில் ஒன்று இது என்பேன். கண்ணுக்குத் தெரியாமல் இருந்த ஒன்றுக்கு எண் ஒட்டியதும் அது சரக்காகிவிட்டது. ‘உங்கள் மதிப்பு 4-ஆ, என்னுடையது 5, அப்படியென்றால் நீங்கள் இரண்டு இணைப்புத் தர வேண்டும்’ என்று பேரம் நடந்தது. ஒக்லஹோமாவைச் சேர்ந்த சர்ச்கிங் நிறுவனம் மதிப்பு உயர்ந்த தளங்களில் இணைப்பு இடம் பிடித்துத் தரும் வணிகத்தையே தொடங்கியது. 2002-இல் அதன் மதிப்பு 8-இலிருந்து 4-க்கு இறங்கியது. வழக்குப் போட்டார்கள். பேஜ்ரேங்க் என்பது கூகுளின் கருத்து, கருத்துச் சொல்ல அரசியல் சாசனப் பாதுகாப்பு உண்டு என்று 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. அந்தத் தீர்ப்புக்குப் பிறகு, தேடுபொறி உங்களைக் கீழே தள்ளினால் அமெரிக்க நீதிமன்றத்தில் முறையிட்டுப் பயனில்லை என்ற எண்ணம் வலுத்தது. பச்சைக் கோடு அதன் பிறகும் வெகுகாலம் ஓடியது. 2013 டிசம்பரில் கடைசியாகப் புதுப்பிக்கப்பட்டு, 2016-இல் நீக்கப்பட்டது.

இதற்கிடையில் ஆய்வாளர்கள் பரிமாற்றத்தைக் கண்டுபிடிக்கும் வழிகளைத் தேடினார்கள். ஸ்டான்ஃபோர்டின் ஜியோங்கியும் கார்சியா-மொலினாவும், யாஹூவைச் சேர்ந்த பெடர்சனுடன் சேர்ந்து 2004-இல் டிரஸ்ட்ரேங்கை முன்வைத்தார்கள். நம்பத்தக்க சில தளங்களை மனிதர்களே பார்த்துத் தேர்ந்தெடுத்து, அங்கிருந்து நம்பிக்கையை இணைப்பு வழியாகப் பரவவிடும் முறை அது. அடுத்த ஆண்டே அவர்களில் இருவர், இணைப்புப் பண்ணைகள் கூட்டணி அமைத்தால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று தனியாக ஆராய்ந்தார்கள். லீஹை பல்கலைக்கழகத்தில் வூவும் டேவிசனும் கையாண்ட வழி இன்னும் நேரடியானது. ஒரு பக்கத்துக்கு உள்ளே வரும் தளங்களின் பட்டியலையும் வெளியே போகும் தளங்களின் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வை. இரண்டிலும் இருக்கும் பெயர்கள் ஒரு சிறு எண்ணிக்கையைத் தாண்டினால் சந்தேகி. இவ்வளவுதான். பரிமாற்றத்தைக் கண்டுபிடிப்பது பெரிய துப்பறிதல் இல்லை என்பதை இதிலிருந்தே புரிந்துகொள்ளலாம். ‘அ ஆ-வுக்கு, ஆ இ-க்கு, இ அ-வுக்கு’ என்று மூன்று முனையாகச் சுற்றிவிட்டால் பிடிபடாது என்று இன்றும் விற்கிறார்கள். கோடிக்கணக்கான இணைப்புகளை வரைபடமாக வைத்திருப்பவருக்கு முக்கோணம் தெரியாமல் போகுமா?

2005 இறுதியில் கூகுளில் ஜாகர் என்று பெயர் பெற்ற மாற்றம் வந்தபோது பரிமாற்றத்தை நம்பியிருந்த பல தளங்கள் சரிந்தன. 2006 மே மாதம் கூகுளின் ஸ்பேம் தடுப்புக் குழுத் தலைவர் மேட் கட்ஸ் வெளிப்படையாகவே எழுதினார்: சில தளங்களின் பக்கங்கள் கூகுளில் குறைவாகப் பதிவாவதற்குக் காரணங்களில் ஒன்று, அளவுமீறிய பரிமாற்ற இணைப்புகள். கவனிக்க வேண்டியது, அவர் தண்டனை என்று பேசவில்லை. அந்தத் தளங்களை நாடிப்போகும் ஆர்வம் இயந்திரத்துக்குக் குறைந்துவிடுகிறது, அவ்வளவே. 2012 ஏப்ரல் 24-இல் வந்த பெங்குவின் என்ற கூகுள் மாற்றம் அப்படிப்பட்டதில்லை. ஆங்கிலத் தேடல்களில் சுமார் 3.1 சதவீதத்தை அது பாதித்தது. செயற்கை இணைப்புகள் உள்ள தளம் கீழே இறக்கப்பட்டது. அடுத்த முறை பெங்குவின் ஓடும்வரை, சில நேரம் ஓராண்டுக்கும் மேலாக, காத்திருக்க வேண்டியிருந்தது. வேண்டாத இணைப்புகளை நாமே கைகழுவ ஒரு கருவியை அந்த ஆண்டு அக்டோபரில் கூகுள் கொடுத்தது. தான் வாங்கிய இணைப்புகளைத் தானே பட்டியலிட்டு ஒப்புக்கொடுக்கும் கருவி! மொய் நோட்டை வருமான வரி அலுவலகத்தில் கொண்டுபோய்க் கொடுப்பதுபோல்.

தீமை எப்படிப்பட்டது என்று பார்க்க ராப் ஜீனியஸ் கதையை விட நல்ல உதாரணம் கிடைக்காது. பாடல் வரிகளுக்கு விளக்கம் எழுதும் அந்தத் தளம் 2012-இல் 1.5 கோடி டாலர் முதலீடு பெற்றிருந்தது. தேடல் வழியாக ஆள் வந்தால்தான் அதற்குப் பிழைப்பு. 2013 டிசம்பரில் அவர்கள் வலைப்பதிவர்களிடம் ஒரு பேரம் பேசினார்கள்: ஜஸ்டின் பீபரின் புதிய பாடல்களுக்கான எங்கள் பக்கங்களுக்கு உங்கள் பதிவின் அடியில் இணைப்புகளைப் போடுங்கள், உங்கள் பதிவை நாங்கள் ட்விட்டரில் பரப்புகிறோம். பணம் கைமாறவில்லை. இணைப்புக்கு இணைப்புக்கூட இல்லை, இணைப்புக்குப் புகழ். பேரக் கடிதம் வெளியே வந்தது. டிசம்பர் 25-இல் கூகுள் கை வைத்தது. அந்தத் தளத்தின் பெயரையே தட்டித் தேடினாலும் முதல் பக்கத்தில் அது வரவில்லை. இரவு பகலாக இணைப்புகளைத் தேடித் தேடி நீக்கச் சொல்லி, 2014 ஜனவரி 4-இல், பத்தே நாளில், திரும்பி வந்தார்கள்.

பத்து நாள் என்பதில் இரண்டு செய்திகள் இருக்கின்றன. பரிமாற்றத்தில் பணம் இல்லை என்பது பாதுகாப்பு ஆகாது என்பது ஒன்று. பெரிய தளம், தனியே மென்பொருள் எழுதிச் சுத்தம் செய்ய ஆள்பலம் உள்ள தளம், பத்து நாளில் எழுந்துவிடும் என்பது இன்னொன்று. பெரியவர்களுக்கும் எப்போதும் இப்படி வாய்ப்பதில்லை: கல்லூரித் தளங்களில் தன் பொருட்களுக்கு இணைப்புப் போட்டால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 10 சதவீதத் தள்ளுபடி என்று அறிவித்திருந்த ஓவர்ஸ்டாக் நிறுவனம் 2011 பிப்ரவரியில் மாட்டியது; மீள ஏறக்குறைய இரண்டு மாதம் பிடித்தது. ஒரு ஆள் நடத்தும் கடைத் தளத்துக்கு அந்த இரண்டு மாதமே முடிவாக இருந்திருக்கும்.

மற்ற நாடுகளைப் பார்ப்பதும் நல்லது. கூகுள் மட்டுமே உலகம் என்று நினைத்துவிடுகிறோம். சீனத் தளங்களின் அடியில் ‘நட்பு இணைப்புகள்’ என்ற வரிசை வெகுகால வழக்கம். வெட்கப்படாமல், வெளிப்படையாக, தலைப்புப் போட்டே வைத்திருப்பார்கள். பைடு தேடுபொறி 2013 பிப்ரவரியில் இணைப்பு வணிகத்துக்கு எதிராக ஓர் அல்காரிதத்தை இறக்கியது. அதற்கு வைத்த பெயர் நம் வீட்டு வராந்தாக்களில் படரும் மணி பிளாண்ட்டின் சீனப் பெயர். தெரிந்து வைத்தார்களோ என்னவோ, தமிழில் படிக்கும்போது பொருத்தமாக இருக்கிறது.

ரஷ்யாவின் யாண்டெக்ஸ் செய்தது இன்னும் துணிச்சலானது. என் பார்வையில் இந்தக் கேள்விக்குக் கிடைத்திருக்கும் ஒரே உண்மையான பரிசோதனை அதுதான். மாஸ்கோ வட்டாரத்தில், வணிகத் தேடல்களில், இணைப்புகளைக் கணக்கிலேயே எடுக்கப்போவதில்லை என்று 2013 டிசம்பரில் அறிவித்து, 2014 மார்ச்சில் நடைமுறைப்படுத்தினார்கள். பரிமாற்றமும் இணைப்பு விற்பனையும் அதோடு செத்திருக்க வேண்டும். சாகவில்லை. இணைப்புச் சந்தைகள் ஓடிக்கொண்டே இருந்தன; வாங்கியவர்கள் பழக்கத்தாலும் பயத்தாலும் வாங்கிக்கொண்டே இருந்தார்கள். 2015 மே மாதம் யாண்டெக்ஸ் திரும்பி வந்து, இணைப்புகளை மறுபடி கணக்கில் சேர்த்தது, இந்த முறை எதிர்மறையாகவும். காசு கொடுத்துக் குவித்த இணைப்புகள் தளத்தைக் கீழே இழுக்கும். அந்த மாற்றத்துக்கு மினுசின்ஸ்க் என்று ஒரு சைபீரிய ஊரின் பெயர். உள்ளே ‘மைனஸ்’ ஒளிந்திருப்பது தற்செயலாகவும் இருக்கலாம். இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது தண்டனை இல்லை. பயன் அறவே இல்லை என்று தேடுபொறியே சொன்ன பிறகும் ஓராண்டுக்கு மேல் மனிதர்கள் அதையே செய்தார்கள். பயன் தெரிந்ததால் செய்யவில்லை, விட்டால் என்ன ஆகுமோ என்று செய்தார்கள். ஆகவே ‘எல்லோரும் செய்கிறார்கள், அதனால் வேலை செய்கிறது’ என்ற வாதத்தை நாம் எடுத்த எடுப்பிலேயே ஒதுக்கிவிடலாம்.

எதிர்த் தரப்புக்குக் கையில் இருக்கும் பலமான சான்று 2020-இல் ஏரெஃப்ஸ் நிறுவனம் வெளியிட்ட ஆய்வு. தேடல் வழியாக ஓரளவு வரத்து உள்ள சுமார் 1.4 லட்சம் தளங்களை எடுத்துப் பார்த்ததில் 73.6 சதவீதத் தளங்களுக்குப் பரஸ்பர இணைப்புகள் இருந்தன. தேடலில் முதலிடம் பிடித்த பக்கங்களில் 43.7 சதவீதத்துக்கும் அப்படியே. பரிமாற்றம் விற்பவர்கள் இந்த எண்ணைச் சட்டம் போட்டு மாட்டாத குறை.

எண்கள் சரியானவை, படிக்கும் முறைதான் தவறு. முதலாவதாக, பரஸ்பர இணைப்பு வேறு, பரிமாறிக்கொண்ட இணைப்பு வேறு. பல்கலைக்கழகம் தன் நூலகத்துக்கு இணைப்புக் கொடுக்கும், நூலகம் பல்கலைக்கழகத்துக்குக் கொடுக்கும். செய்தித்தாள் ஒரு அருங்காட்சியகத்தைப் பற்றி எழுதும், அருங்காட்சியகம் ‘எங்களைப் பற்றி வந்தவை’ என்று அந்தச் செய்தியைக் காட்டும். இங்கே பேரமே நடக்கவில்லை. பெரிய தளமாக இருந்தால் இப்படி நடக்காமல் இருப்பதுதான் அரிது. இரண்டாவதாக, ஆய்வுக்கு எடுத்தவை பிழைத்து நிற்கும் தளங்கள். பரிமாற்றத்தால் காணாமல் போனவை அந்தப் பட்டியலில் வர வழியே இல்லை. போரிலிருந்து திரும்பியவர்களை மட்டும் விசாரித்துவிட்டுக் குண்டு யாரையும் கொல்லவில்லை என்று சொல்வதற்கும் இதற்கும் பெரிய வித்தியாசமில்லை. அந்த ஆய்விலிருந்து நியாயமாகக் கிடைக்கும் முடிவு ஒன்றே: பரஸ்பர இணைப்பு இருப்பதாலேயே தளம் அடிபடுவதில்லை. அதாவது தீமை இல்லை என்பதற்குச் சான்று இருக்கிறது. நன்மை உண்டு என்பதற்கு இல்லை.

கூகுளின் விதி வாசகமும் இதோடு ஒத்துப்போகிறது. அது பரிமாற்றத்தைத் தடை செய்யவில்லை. ‘அளவுமீறிய’ பரிமாற்றத்தையும், ஒருவருக்கொருவர் இணைப்புப் போட்டுக்கொள்வதற்காகவே உருவாக்கிய ‘கூட்டாளிகள்’ பக்கத்தையும்தான் ஸ்பேம் என்கிறது. அளவு எது என்று சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார்கள்; பத்து என்று சொன்னால் மறுநாள் எல்லோரும் ஒன்பது வைத்திருப்பார்கள்.

2016 செப்டம்பருக்குப் பிறகு நன்மை தீமை இரண்டுமே சுருங்கிவிட்டன. பெங்குவின் மைய அல்காரிதத்துக்குள் போனது. போலி இணைப்புகளுக்காகத் தளத்தை இறக்குவதற்குப் பதில் அந்த இணைப்புகளை மதிப்பற்றதாக்குவது வழக்கமாயிற்று. 2022 டிசம்பரில் ஸ்பாம்பிரெய்ன் என்ற இயந்திரக் கற்றல் முறையைக் கொண்டு இதையே பெரிய அளவில் செய்தார்கள். மனிதர் பார்த்து விதிக்கும் தண்டனை இன்னும் இருக்கிறது. வந்தால், தள உரிமையாளர்களுக்குக் கூகுள் தரும் சர்ச் கன்சோலில் அறிவிப்பு வரும். ஆனால் பெரும்பாலான பரிமாற்றங்களுக்குக் கிடைப்பது தண்டனை இல்லை, அலட்சியம். தண்டனை வந்தாலாவது தெரியும். அலட்சியம் தெரியாது. வாரக்கணக்கில் கடிதம் எழுதி நாற்பது பேரிடம் இணைப்பு வாங்கியவர், அவற்றில் எத்தனை எண்ணப்பட்டன என்று அறிய வழியில்லை. அந்த மாதம் வரத்து கூடினால் பரிமாற்றத்தால் என்பார். குறைந்தால் இன்னும் போதவில்லை என்பார்.

வாக்கின் எடையும் குறைந்துகொண்டு வருகிறது. தரவரிசையைத் தீர்மானிக்கும் முதல் மூன்று காரணங்களில் இணைப்பு உண்டு என்று 2016-இல் கூகுள்காரர் ஒருவர் சொன்னார். 2023-இல் அதே நிறுவனத்தின் கேரி இலியஸ், அது முதல் மூன்றில் இல்லை என்றார். 2024 மார்ச்சில் விதிப் பக்கத்தில் இணைப்பை ‘முக்கியமான’ காரணி என்று சொல்லியிருந்த இடத்தில் ‘முக்கியமான’ என்ற சொல்லை எடுத்துவிட்டார்கள். கூகுள் தன்னைப் பற்றிச் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. இணைப்பு முக்கியமில்லை என்று நாம் நினைப்பது அவர்களுக்கு வசதி. இருந்தாலும் திசை தெரிகிறது.

வாக்கு வணிகம் இணையத்துக்கு மட்டும் வந்த நோய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். கார்ஃபீல்டு தொடங்கிவைத்த மேற்கோள் கணக்கிலும் இதுவே நடந்தது. ஒருவர் இதழை மற்றவர் இதழில் கூட்டுச் சேர்ந்து மேற்கோள் காட்டியதற்காக 2013-இல் நான்கு பிரேசில் மருத்துவ இதழ்களின் தாக்கக் குறியீடு நிறுத்திவைக்கப்பட்டது. பேராசிரியர்கள் நடத்திய இதழ்கள்.

நேர் வாய்க்காலுக்குத் திரும்புவோம். அதைப் பேச ஆளே இல்லை என்பதுதான் என் குறை. தமிழ் இணையத்தின் தொடக்க காலத்தைப் பாருங்கள். டிஸ்கி, டாப், இன்னும் எத்தனையோ எழுத்துரு முறைகளில் பக்கங்கள் சிதறிக்கிடந்தன. ஒரே சொல் ஒவ்வொரு முறையிலும் வெவ்வேறு குறிகளாக இருந்ததால் தேடுபொறிக்கு அது ஒரே சொல் என்று தெரியாது. யூனிகோடு பரவிய பிறகும் கொஞ்ச காலம் தமிழில் தேடிக் கண்டுபிடிப்பது குதிரைக்கொம்பு. அந்தக் காலத்தில் ஒரு தமிழ்ப் பக்கத்துக்கு ஆள் வந்ததெல்லாம் இன்னொரு தமிழ்ப் பக்கத்தின் ஓரப்பட்டையிலிருந்த பட்டியல் வழியாகவும், 2004-இல் காசி ஆறுமுகம் தொடங்கிய தமிழ்மணம் போன்ற திரட்டிகள் வழியாகவும்தான். நீங்கள் என்னைப் பட்டியலில் சேர்த்தால் நான் உங்களைச் சேர்ப்பேன் என்ற எழுதப்படாத ஒப்பந்தம் அங்கேயும் இருந்தது. அது முழுக்க முழுக்கப் பரிமாற்றம். ஆனால் யாரும் பேஜ்ரேங்குக்காகச் செய்யவில்லை. பட்டியலிலிருந்து ஆள் வந்தார், படித்தார், சண்டை போட்டார், மறுநாளும் வந்தார். வரத்து என்றால் அது வரத்து.

ஆகவே பரிமாற்றம் கேட்டு யாராவது வந்தால் நான் முதலில் பார்ப்பது அவர் தளத்தின் மதிப்பெண் இல்லை. என் இணைப்பை அவர் எங்கே வைப்பார் என்பது. ஒரு கட்டுரைக்குள், அதைப் படிக்கிறவருக்கு அடுத்து வேண்டியது என்னிடம் இருக்கிறது என்ற இடத்தில் வைப்பாரா, அல்லது நூறு பெயர்களோடு அடியில் ஒட்டுவாரா? முதலாவது என்றால் தேடுபொறி எண்ணினாலும் எண்ணாவிட்டாலும் ஆள் வருவார். அவருக்கும் அதேபோல் ஓர் இடம் என்னிடம் இயல்பாக இருந்தால் கொடுத்துவிடலாம். தேங்காய்க் கடையும் பூக்கடையும் கோயில் வாசலில் ஒருவரையொருவர் கைகாட்டுவதை யாரும் குற்றம் சொல்வதில்லை. இரண்டாவது என்றால் நல்ல வார்த்தை சொல்லி விட்டுவிடுவேன். ஒப்புக்கொண்டு வைத்த பிறகு மூன்று மாதம் கழித்து, அந்த இணைப்பிலிருந்து எத்தனை பேர் வந்தார்கள், வந்தவர்கள் ஒரு பக்கத்தோடு போனார்களா இன்னொன்றையும் திறந்தார்களா என்று வருகைக் கணக்கில் பார்ப்பேன். இலவச மென்பொருளே போதும். பூஜ்யம் என்று காட்டினால் பூஜ்யம்தான். ‘தேடலில் மறைமுகமாக உதவியிருக்கும்’ என்று ஆறுதல் சொல்லிக்கொள்ள மாட்டேன். வணிக ஏற்பாடாக இருந்தால், 2005 ஜனவரியில் கூகுளும் யாஹூவும் எம்எஸ்என்னும் சேர்ந்து அறிவித்த, ‘இதை எண்ணாதே’ என்று தேடுபொறிக்குச் சொல்லும் நோஃபாலோ குறியையோ, 2019-இல் விளம்பர இணைப்புகளுக்கென்று வந்த தனிக் குறியையோ போட்டுவிட்டால் தேடுபொறியோடு வம்பில்லை. வருகிற ஆள் அந்தக் குறியைப் பார்த்துக்கொண்டா வருகிறார்? குறி போடலாம் என்று சொன்னதும் எதிர்ப்பக்கம் பின்வாங்கினால், அவருக்கு வேண்டியது வாசகர் இல்லை என்று தெரிந்துபோகும்.

தீமையைப் பற்றி எல்லோரும் கூகுளையே சொல்கிறார்கள். நான் அதிகம் பயப்படுவது வேறொன்றுக்கு. 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டுகளில் காணாமல் போய்விட்டன என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் கண்டறிந்தது. காணாமல் போகும் தளத்தின் முகவரி காலாவதியாகும். அதற்கு ஏற்கெனவே நிறைய இணைப்புகள் வந்துகொண்டிருப்பதால் அதை ஏலத்தில் எடுக்க ஆள் காத்திருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் நண்பர் ஒருவரின் பழைய தளத்தில் ‘நட்புத் தளங்கள்’ பக்கத்தை உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தோம். பாதி திறக்கவே இல்லை. சமையல் குறிப்பு எழுதிய ஒருவரின் முகவரியில் ஆன்லைன் ரம்மி ஓடிக்கொண்டிருந்தது. குழந்தைப் பாடல்கள் இருந்த இடத்தில் கடன் விளம்பரம். நண்பரின் பக்கம் மட்டும் பன்னிரண்டு வருடமாக அப்படியே, ‘அவசியம் பாருங்கள்’ என்று கைகாட்டிக்கொண்டு நின்றது.